எடுத்த முடிவும் நேர்ந்த முடிவும்

2024ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் மாலை. புதுவை வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த எங்கள் ஒதியம்பட்டில், ஒரு வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பேர் ஒரு கைப்பேசியைச் சுற்றி அமர்ந்திருந்தோம். பத்து நாள்களுக்கு முன் வடிந்த வெள்ளத்தின் சேறு சுவர்களில் இன்னும் கோடாகத் தெரிந்தது. சிங்கப்பூரில் நடந்த உலகச் சதுரங்கச் சாம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டத்தில், சீனத்தின் டிங் லிரெனைச் சென்னை இளைஞர் குகேஷ் வென்றுவிட்டார் என்ற செய்தி வந்தது. பதினெட்டே வயது! திண்ணையில் எழுந்த ஆரவாரம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். கிடைத்த வாய்ப்பை விடுவேனா? சுற்றியிருந்த சிறுவர்களுக்குப் பொறுமை, விடாமுயற்சி, தன்னம்பிக்கை என்று மூன்று தலைப்புகளில் சிறு சொற்பொழிவு நிகழ்த்தினேன். அப்போது திண்ணையின் ஓரத்தில், தூணில் சாய்ந்தபடி அதுவரை வாய் திறவாமல் இருந்த ஒருவர் கேட்டார்:

“ஜெயிச்சிட்டான். அதனால பொறுமை, விடாமுயற்சின்னு சொல்றீங்க. தோத்திருந்தா என்னா சொல்லியிருப்பீங்க வாத்தியாரே? ‘கைக்கு வந்த டிராவ உட்டுட்டு ஏன்டா இழுத்துக்கினு இருந்தே’ன்னு தானே?”

சிறுவர்கள் சிரித்தனர். நானும் சிரித்துச் சமாளித்தேன். ஆயினும் அவர் கேள்வி இன்றுவரை என்னை விட்டபாடில்லை. அவர் யார், அவருக்கு அப்படிக் கேட்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் கேள்வியைப் பார்ப்போம்.

தமிழில் ‘முடிவு’ என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. மனிதன் மனத்தில் எடுப்பதும் முடிவு. கடைசியில் அவனுக்கு நேர்வதும் முடிவு. சொல் ஒன்றாய் இருப்பதாலோ என்னவோ, பொருளையும் நாம் ஒன்றாக்கிவிடுகிறோம். நேர்ந்த முடிவு நல்லதானால் எடுத்த முடிவும் நல்லது. நேர்ந்தது கெட்டதானால் எடுத்ததும் கெட்டது. இது நியாயமா? ஒருவருடைய தீர்மானத்தை அதன் விளைவைக் கொண்டு எடைபோடலாமா?

இக்கேள்வியை ஆராயச் சதுரங்கத்தைப்போல் தோதான களம் வேறில்லை. வாழ்க்கையில் நாம் எடுத்த தீர்மானங்களை யாரும் குறித்துவைப்பதில்லை. விளைவு தெரிந்தபின் நினைவே திரிந்துவிடுகிறது. “நான் அப்போதே நினைத்தேன்” என்கிறோம், உண்மையில் நினைத்திருக்கமாட்டோம். சதுரங்கத்திலோ ஒவ்வொரு நகர்த்தலும் தாளில் பதிவாகிறது. எத்தனை நிமிடம் யோசித்தார் என்பதும் பதிவாகிறது. வென்றவரும் தோற்றவரும் அந்தப் பதிவின் முன் கைகட்டி நின்றாக வேண்டும்.

ஒரு நகர்த்தல்

அன்று சிங்கப்பூரில் நடந்தது என்ன? பதின்மூன்று ஆட்டங்கள் முடிந்தபோது இருவருக்கும் ஆளுக்கு ஆறரைப் புள்ளி. பதினான்காவது ஆட்டமும் சமனில் முடிந்தால், மறுநாள் விரைவு ஆட்டங்களால் வெற்றி தீர்மானிக்கப்படும். விரைவு ஆட்டத்தில் டிங்கின் கையே ஓங்கியிருக்கும் என்பது பலரின் கணிப்பு. எனவே வெள்ளைக் காய்களைக் கொண்டு ஆடியபோதும் டிங் மோதலைத் தேடவில்லை. காய்களை ஒன்றுக்கொன்று மாற்றிக் குறைத்தார். ஒரு சிப்பாயை இழந்தும் சமநிலையை நாடினார். அவருடைய ஒவ்வோர் அடியும் பாதுகாப்பைத் தேடிய அடி.

சதுரங்க அறிஞர்கள் ஆட்டச் சிந்தனையை இரண்டாகப் பிரிப்பார்கள். எந்தத் திசையில் போவது, எதைக் காப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்னும் நெடுநோக்கு ஒன்று. அதை வியூகம் எனலாம். இந்த நொடியில், இந்தக் கட்டத்தில், இந்தக் காய் என்ன செய்யும் என்னும் கூர்நோக்கு மற்றொன்று. அதை உத்தி எனலாம். டிங்கின் வியூகம் சமநிலை. குகேஷின் வியூகம் அதற்கு நேரெதிர்: சமமான நிலையாயினும் ஆட்டத்தை முடிக்காமல் நீட்டிப்பது; எதிராளி ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்மானித்தாக வேண்டிய நிலையில் அவரை வைத்திருப்பது. இப்போட்டியின் ஆறாவது ஆட்டத்திலும், ஒரே நிலையைத் திரும்பத் திரும்பக் கொணர்ந்து சமன் செய்துகொள்ள வழியிருந்தும், தம் நிலை சற்றே தாழ்ந்திருந்தபோதே, அவர் அதை மறுத்திருந்தார்.

பதினான்காவது ஆட்டத்தின் 55ஆவது நகர்த்தலுக்கு வருவோம். பலகையில் ஆளுக்கு ஒரு யானை, ஒரு மந்திரி, சில சிப்பாய்களே மிச்சம். (ஆங்கிலேயர் ‘ஆயர்’ என்றும், ஒருகாலத்தில் நம்மை ஆண்ட பிரெஞ்சுக்காரர் ‘கோமாளி’ என்றும் பெயரிட்ட காயைத்தான் எங்களூர்ச் சிறுவர்கள் மந்திரி என்கின்றனர்.) டிங்கின் கடிகாரத்தில் குகேஷைவிட மிகக் குறைந்த நேரமே மீதம் இருந்தது. அவர் தம் யானையை நகர்த்தி, யானைக்கு யானை மாற்றிக்கொள்ள அழைத்தார். இன்னும் ஒரு காய் குறைந்தால் இன்னும் பாதுகாப்பு என்பது அவர் எண்ணம். ஆனால் அவருடைய மந்திரி பலகையின் மூலைக்கட்டத்தில் நின்றது. யானைகள் நீங்கியதும் குகேஷ் தம் மந்திரியை அதே மூலைவிட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தினால், மூலையில் நின்ற மந்திரிக்கு ஒதுங்க இடமில்லை. மந்திரிகளும் மாறியே தீரும். பிறகு எஞ்சுவது அரசர்களும் சிப்பாய்களும்தான். ஒரு சிப்பாய் மிகுதியாக உள்ளவர் வெல்வார்.

டிங் இதைக் காணவில்லை. குகேஷும் முதலில் காணவில்லை என்பதே வியப்பு. சில கணங்கள் கழித்தே அது பிழை என்று உணர்ந்ததாகப் பின்னர் அவரே கூறினார். 58ஆவது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது. ஏழரைக்கு ஆறரை. 1985இல் 22 வயதில் சாம்பியனான காஸ்பரோவையும் விஞ்சிய இளமையில், 18ஆவது உலகச் சாம்பியன் உதயமானார்.

உடனே உலகம் இரண்டாகப் பிரிந்தது. “ஒரே நகர்த்தலில் நேர்ந்த பிழையால் கிடைத்த பட்டம், வெறும் அதிர்ஷ்டம்” என்றனர் சிலர். “விடாமல் போராடியவருக்குக் கிடைத்த கூலி” என்றனர் பலர். திண்ணையில் நான் இரண்டாம் கட்சி.

மாமல்லபுரத்தில் அதே இளைஞர்

எங்கள் கட்சியின் வாதம் வலுவானதுதான். டிங்கின் பிழையைக் குகேஷ் செய்யவில்லை. ஆனால் அப்பிழை நேரக்கூடிய இடத்தில் ஆட்டத்தை நிறுத்தியவர் அவரே. சமனுக்கு இசைந்திருந்தால் 55ஆவது நகர்த்தலே நிகழ்ந்திராது. மறுபுறம், டிங்கின் பாதுகாப்பான அடிகள் பலவும் சேர்ந்து அவரை ஒரு குறுகிய சந்துக்குள் கொண்டுவந்துவிட்டன. அங்கே ஒரு தவற்றுக்குக்கூட இடமில்லை. எல்லாம் சரி.

ஆனால் திண்ணை ஓரத்துக் கேள்விக்கு இது விடையாகாது. “தோத்திருந்தா?” என்றல்லவா அவர் கேட்டார்? தோற்றிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்பதைக் கற்பனை செய்ய வேண்டிய தேவைகூட இல்லை. அது ஏற்கெனவே நடந்திருக்கிறது. அதுவும் நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே.

2022இல் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு மாமல்லபுரத்தில் நடைபெற்றது. இந்தியாவின் இரண்டாம் அணியில் முதற்பலகையில் ஆடிய குகேஷுக்கு அப்போது வயது 16. முதல் எட்டு ஆட்டங்களிலும் தொடர்ந்து எட்டு வெற்றிகள்! ஆகஸ்டு 8ஆம் நாள், பத்தாவது சுற்றில், உஸ்பெகிஸ்தான் அணியின் அப்துசத்தோரோவை எதிர்கொண்டார். மேலோங்கியிருந்த நிலை மெல்ல மெல்லச் சமமாயிற்று. சமனில் நிறுத்தியிருந்தால் அணி அந்தச் சுற்றை வென்றிருக்கும். அவர் நிறுத்தவில்லை, மேலும் வெற்றியைத் தேடினார். நேர நெருக்கடியில் ஒரு பெரும்பிழை செய்து தோற்றார். அணிகளின் கணக்கு இரண்டுக்கு இரண்டு என முடிந்தது. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போயிற்று. நம் இளைஞர்களுக்கு வெண்கலம். தோல்விக்குப்பின் அந்தச் சிறுவர் தலைகவிழ்ந்து அமர்ந்திருந்த காட்சியைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

அதே மனிதர், அதே மனப்போக்கு, சமனை மறுக்கும் அதே துணிவு. மாமல்லபுரத்தில் அதன் பெயர் ‘இளமையின் பேராசை’. சிங்கப்பூரில் அதன் பெயர் ‘வீரம்’. பண்பு மாறவில்லை, நாம் சூட்டிய பெயர்தான் மாறியது. பெயரைத் தேர்ந்தெடுத்தவர் நாமல்லர். வெற்றி தோல்விப் பட்டியலே அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. நாம் படித்துமட்டும் காட்டினோம்.

தண்டனை பெறாத தவறு

இதன் மறுபக்கம் இன்னும் கசப்பானது. கெட்ட தீர்மானம் நல்ல விளைவைத் தந்துவிட்டால் அதைத் தீர்மானமாகவே நாம் பார்ப்பதில்லை. மன்னித்துவிடுகிறோம் என்றுகூடச் சொல்ல முடியாது, மறந்தே போகிறோம்.

2014 நவம்பர் 15. ரஷ்யாவின் சோச்சி நகரில் உலகச் சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டம். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டராகி, பின்னாளில் ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற விசுவநாதன் ஆனந்த், நார்வேயின் கார்ல்சனை எதிர்கொண்டார். புள்ளிகள் சமமாக இருந்தன. 26ஆவது நகர்த்தலில் கார்ல்சன் தம் அரசனைத் தவறான கட்டத்தில் வைத்தார். குதிரையால் ஒரு சிப்பாயை அடித்திருந்தால் ஆட்டம் முழுவதும் ஆனந்தின் பக்கம் சாய்ந்திருக்கும். நகர்த்திய கையோடு கார்ல்சனுக்குத் தம் பிழை தெரிந்துவிட்டது.  ஆனந்தோ தம் பக்கத்துச் சிப்பாய் ஒன்றை முன்தள்ளும் எண்ணத்தில் இருந்தார். விரைந்து அதையே செய்தார். செய்த மறுகணம் அவருக்கும் எல்லாம் தெரிந்தது. பின்னர் அந்த ஆட்டத்தையும், போட்டியையும் கார்ல்சனே வென்றார். எதிர்பாராத பரிசு வரும்போது சிலவேளை அதை எடுத்துக்கொள்ளத் தோன்றுவதில்லை என்ற பொருள்பட ஆனந்த் அன்று கூறினார்.

முதலில் தவறியவர் வென்றார். அடுத்துத் தவறியவர் தோற்றார். இருவர் தவறும் ஏறக்குறைய ஓர் எடை. ஆனால் கார்ல்சனின் ஆறாவது ஆட்டம் என்றால் வெற்றி என்றே பட்டியலில் நிற்கிறது. அந்தப் பிழை தெரிந்த ஒரு நிமிடம் பட்டியலில் இல்லை.

வாழ்க்கையிலும் இப்படித்தான். நன்றாகக் குடித்துவிட்டு இருவர் இரவில் வண்டி ஓட்டி வருகின்றனர். ஒருவன் பத்திரமாக வீடு வந்து படுத்துவிடுகிறான். மற்றவன் வண்டியின் குறுக்கே ஒரு குழந்தை வந்துவிடுகிறது. இரண்டாமவன் சிறைக்குச் செல்கிறான். முதலாமவன் மறுநாள் அவனைப் பழித்துப் பேசுகிறான்! சட்டம் விளைவைப் பார்த்தே தீர வேண்டும். அது அதன் கடமை. ஆனால் மனச்சான்று? அந்த இரவில் வண்டிச் சாவியைக் கையில் எடுத்த கணத்தில் இருவரும் ஒரே தவற்றைச் செய்தவர்கள் அல்லரா? தண்டனை பெறாத தவறும் தவறே. குழந்தை குறுக்கே வராதது அவனுடைய புண்ணியத்தால் அன்று.

ஊழும் ஆள்வினையும்

நம் முன்னோர் இதை எண்ணிப் பார்க்காமல் இல்லை. திருக்குறளில் ‘ஊழ்’ என்றோர் அதிகாரம் உண்டு, 38ஆவது. ஊழைவிட வலியது எதுவுமில்லை என்று அங்கே வள்ளுவர் முடிக்கிறார். ‘ஆள்வினையுடைமை’ என்றோர் அதிகாரமும் உண்டு, 62ஆவது. சோர்வின்றி முயல்பவர் அந்த ஊழையும் புறமுதுகிடச் செய்வர் என்று அங்கே முடிக்கிறார். மாணவனாய் இருந்தபோது எனக்கு இது முரணாகத் தோன்றியது. ஒன்று உண்மையானால் மற்றது பொய்யாக வேண்டுமே?

ஆசிரியப் பணியில் நெடுங்காலம் கழித்தபின்புதான் அதே 62ஆவது அதிகாரத்தின் எட்டாம் குறள் என் கண்ணில் உறுத்தியது. நல்லூழ் வாய்க்காமை யாருக்கும் குற்றமாகாது. அறியவேண்டியவற்றை அறிந்து முயலாமையே குற்றம் என்பது அதன் கருத்து. இரு அதிகாரங்களுக்கும் நடுவே எல்லைக்கல் நாட்டியதுபோல் அமைந்த குறள் இது. விளைவின்மேல் ஊழுக்கு ஆட்சி உண்டு. பழியின்மேல் அதற்கு ஆட்சி இல்லை. பழிப்பதானால் மனிதனின் கையில் இருந்ததை வைத்துப் பழி. அவன் கைக்கு அப்பால் இருந்ததை வைத்துப் பழிக்காதே.

எப்படி எடைபோடுவது?

இங்கே ஒரு நியாயமான தடை எழும். விளைவைப் பார்க்கக் கூடாதென்றால், தவறிய ஒவ்வொருவனும் “என் எண்ணம் நல்லதுதான், நேரம் சரியில்லை” என்று தப்பித்துக்கொள்ள மாட்டானா? சோம்பேறிக்கும் பொறுப்பற்றவனுக்கும் இது நல்ல போர்வை அல்லவா?

இதற்குச் சதுரங்க ஆய்வாளர்கள் நல்ல விடை வைத்திருக்கின்றனர். இன்று ஒரு கணினி நிரலைத் திறந்தால், எந்த நகர்த்தல் சரி, எது பிழை என்று நொடியில் எண்களால் காட்டிவிடும். கத்துக்குட்டியும் உலகச் சாம்பியனைப் பார்த்து “இதுகூடத் தெரியவில்லையா?” என்று கேட்கலாம். நல்ல ஆய்வாளர் அப்படிக் கேட்பதில்லை. கணினியை மூடிவைத்துவிட்டு மூன்று கேள்விகளைக் கேட்பார். அந்த நேரத்தில் அந்தப் பலகையில் மனிதக் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்க முடியும்? எவ்வளவு நேரம் இருந்தது? தெரிந்திருக்கக்கூடியதைத் தேடினாரா, தேடாமலே கை வைத்தாரா?

இந்த மூன்று கேள்விகளும் யாரையும் எளிதில் தப்பவிடுவதில்லை. டிங்கின் 55ஆவது நகர்த்தலை இவற்றால் அளந்தாலும் அது பிழைதான். மூலையில் நின்ற மந்திரியின் ஆபத்து அவர் போன்றவர் காணக்கூடியதே. தோற்றதனால் அது பிழையாகவில்லை. குகேஷ் அதைக் கவனிக்காமல் விட்டு ஆட்டம் சமனில் முடிந்திருந்தாலும் அது பிழையாகவே இருந்திருக்கும். அதேவேளை, அந்த ஒரு நகர்த்தலைக் கொண்டு டிங்கை அளப்பதும் அநீதி. மனச்சோர்வாலும் நோயாலும் நெடுங்காலம் வாடிய அந்த மனிதர், முதல் ஆட்டத்தில் வென்றார். பதினோராவதில் தோற்றபின் பன்னிரண்டாவதில் அழகுற வென்று மீண்டார். பதின்மூன்றாவதில் தோல்வியின் விளிம்பிலிருந்து ஒரு யானை நகர்த்தலால் தப்பினார்.

எல்லாம் முடிந்தபின் செய்தியாளர்முன் டிங் பேசியது என் உள்ளத்தைத் தொட்டது. அவ்வாண்டில் தாம் ஆடியவற்றுள் இதுவே சிறந்த ஆட்டம் என்றார், முந்தைய நாள் நல்லகாலத்தால் தப்பியதை நினைத்துப் பார்த்தால் இறுதியில் தோற்றது நியாயமே என்றார், வருத்தமில்லை என்றார். பாருங்கள்! தம் பிழையை அவர் மறைக்கவில்லை. தமக்குக் கிடைத்த அதிர்ஷ்டத்தையும் மறைக்கவில்லை. இரண்டையும் கணக்கில் எழுதினார். பட்டத்தை இழந்த அந்த மணிநேரத்தில் விளைவையும் தீர்மானத்தையும் பிரித்துப் பார்க்க முடிந்த மனிதர் அவர். குகேஷும் அதே அவையில் டிங்கை உண்மையான சாம்பியன் என்று போற்றினார். அதற்கு முன்பே, ஆட்டம் முடிந்ததும், கண்ணீர் வழிய அமர்ந்தபடி, கலைந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின் தொடக்க இடங்களில் அடுக்கிவைத்தார். வென்ற பலகையையும் தோற்ற பலகையையும் வேறுபாடின்றி அடுக்குவது அவர் வழக்கமாம்.

நாங்கள் நகர்த்திய காய்

இனி, திண்ணை ஓரத்து மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தனை நேரமும் அதைத் தள்ளிப்போட்டேன்.

எங்கள் தெருவின் தாழ்வான கோடியில் அவருக்கு ஒரு மாட்டுக்கொட்டகை. நான்கு பசுக்கள், பால்தான் பிழைப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வருவதாக எச்சரிக்கை வந்தபோது, அவர் மழையில் நனைந்துகொண்டே மாடுகளை மேட்டுப்பகுதிக்கு ஓட்டிச் சென்று, தெரிந்தவர் தோட்டத்தில் கட்டிவைத்து, இரண்டு இரவு காவல் இருந்தார். புயல் சென்னையை மூழ்கடித்துவிட்டு வடக்கே ஆந்திரக் கரைக்குப் போய்விட்டது. எங்களூர் தப்பியது. மூன்றாம் நாள் அவர் மாடுகளோடு தெருவில் திரும்பி வந்தபோது நாங்கள் சிரித்தோம். “என்ன, புயல் விசாரிச்சிட்டுப் போச்சா?” என்று கேட்டவன் நான். அந்தக் கேலி பல மாதம் ஊரில் வழங்கியது.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல். முன்னறிவிப்பு நாளுக்கு நாள் மாறியது. வலுக்கும் என்றார்கள், வலுக்காது என்றார்கள், மீண்டும் வலுக்கும் என்றார்கள். இம்முறை அவர் மாடுகளை ஓட்டிச் செல்லவில்லை. நவம்பர் 30 இரவு புயல் புதுவை அருகே கரையைக் கடந்து நகராமல் நின்றது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. சங்கராபரணி கரைபுரண்டது. தெற்கே தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கத்து ஊர்களைச் சூழ்ந்தது. அவருடைய கொட்டகைக்குள் இரவோடிரவாக நீர் ஏறியது. மூன்று மாடுகளை அவிழ்த்துவிட்டார். நான்காவது, கன்று ஈன்று அதிக நாள் ஆகாதது. அதை அவரால் எட்ட முடியவில்லை.

வெள்ளம் வடிந்ததும் ஊர் என்ன சொன்னது? “அறிவிருந்தா முன்னாடியே ஓட்டிக்கினு போயிருப்பான்.” இதையும் நான் சொன்னேன், இல்லை, சொன்னவர்களுக்குத் தலையாட்டினேன். அது பத்தே நாள் கழிந்த திண்ணைதான் டிசம்பர் 12ஆம் நாள் திண்ணை. இப்போது தெரிகிறதா அவர் கேள்வியின் கூர்மை?

முதல் முறை அவர் செய்தது நல்ல தீர்மானம். தெரிந்ததை வைத்து, இருந்த நேரத்தில், தேடிப் பார்த்து எடுத்த தீர்மானம். விளைவு ஒன்றுமில்லாமல் போனதால் அதைப் பைத்தியக்காரத்தனம் என்றோம். இரண்டாம் முறை அவர் எடுத்தது பிழையான தீர்மானம். ஆனால் அந்தப் பிழையை அவர் தனியாகச் செய்தாரா? மாடுகளின் கயிற்றை அவிழ்க்க எழுந்த கையை, ஓராண்டாக ஊர் சிரித்த சிரிப்பு பிடித்து நிறுத்தவில்லையா? அவர் பலகையில் நாங்களும் ஒரு காயை நகர்த்தியிருந்தோம். அதன் விளைவை மட்டும் அவர் தலையில் கட்டினோம்.

விளைவைக் கொண்டு தீர்மானத்தை எடைபோடுவது தவறு என்று இத்தனை பக்கம் எழுதினேனே, அதில் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அது கடந்துபோன தீர்மானத்துக்கு மட்டும் இழைக்கும் அநீதி அன்று; வரப்போகும் தீர்மானத்தையும் அது கெடுக்கிறது. தோற்றபோது பழிக்கப்பட்ட நல்ல தீர்மானத்தை மனிதன் அடுத்த முறை எடுக்க அஞ்சுகிறான். வென்றபோது புகழப்பட்ட கெட்ட தீர்மானத்தை மீண்டும் எடுக்கத் துணிகிறான். தேர்வில் தோற்ற பிள்ளையிடம் எப்படிப் படித்தாய் என்று கேளாமல் எத்தனை மதிப்பெண் என்றே கேட்கும் பெற்றோரும், அப்படிக் கேட்டே காலம் கழித்த என்னைப்போன்ற ஆசிரியர்களும் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மாமல்லபுரத் தோல்விக்குப்பின் அந்தச் சிறுவரை யாரேனும் சிரித்தே முடக்கியிருந்தால், சிங்கப்பூரில் அவர் முதல் வாய்ப்பிலேயே சமனுக்குக் கைகொடுத்திருப்பாரோ என்னவோ.

இரவில் படுக்கும்முன் அன்றைய நாளைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பெரும்பாலும் நேர்ந்தவற்றையே எண்ணுகிறோம்: இது நன்றாய் முடிந்தது, அது கெட்டுப்போயிற்று என்று. நேர்ந்தவற்றை ஒதுக்கிவிட்டு எடுத்தவற்றை மட்டும் எண்ணிப் பார்த்தால், நாம் நன்றி சொல்ல வேண்டிய இடமும் வருந்த வேண்டிய இடமும் பெரிதும் மாறிவிடும். நன்றாய் முடிந்த பலவற்றுக்காக வருந்துவோம். கெட்டுப்போன சிலவற்றுக்காக நிம்மதியாய் உறங்குவோம்.

2025 நவம்பர் இறுதியில் மீண்டும் எச்சரிக்கை வந்தது. இலங்கையில் பேரழிவை விளைவித்த டிட்வா புயல் நம் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அன்று பிற்பகல் நான் அவர் கொட்டகைக்குப் போனேன். அவர் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். “அண்ணே, அன்னிக்கு நான் சிரிச்சது தப்பு” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார், பதில் சொல்லவில்லை. இறந்த பசுவின் கன்று, இப்போது வளர்ந்துவிட்டது, அதன் கயிற்றை என் கையில் கொடுத்தார். இருவரும் மேட்டுக்கு நடந்தோம்.

டிட்வா எங்கள் கரையைக் கடக்காமலே கடலில் வலுவிழந்தது. மாடுகளை ஓட்டிக்கொண்டு நாங்கள் தெருவில் திரும்பி வந்தபோது, திண்ணையில் ஆள்கள் இருந்தனர். யாரும் சிரிக்கவில்லை.